கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது

"நம்மிடம் என்ன இருக்கிறது? நம்மால் என்ன முடியும்?" என்று சோர்ந்து பேசுவோர் பலர். அத்தகையோர் மோட்டார் கார்களின் வேகச் சாதனை வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வேகச் சாதனை என்றதும் பூதாகரமான கார்களே நம் நினைவுக்கு வரும். 1938-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில், ஜார்ஜ் ஐஸ்டன் என்ற ஆங்கிலேயர் 'தண்டர்போல்ட்' என்னும் காரை மணிக்கு 357 மைல் வேகத்தில் ஓட்டி உலக சாதனை படைத்தார். எடை ஏழு டன். இரண்டு விமான எஞ்சின்கள். அவற்றின் கொள்ளளவு 73 லிட்டர். உலகமே வியந்தது. ஆனால் அதே ஐஸ்டன் அதற்கு முன்பு சின்னஞ்சிறு கார்களில் செய்த சாதனைகளையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஐஸ்டன், இயேசு சபையினரின் ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றவர். 1931 பிப்ரவரியில், பாரிஸ் நகருக்கு அருகேயுள்ள மான்லெரி ஓட்டப்பந்தயப் பாதையில், சிறிய எம்.ஜி. கார் ஒன்றில் மணிக்கு 103 மைல் வேகத்தை எட்டினார். எஞ்சின் முக்கால் லிட்டருக்கும் குறைவு! அவ்வகைச் சிறு எஞ்சின் 100 மைலைத் தாண்டியது அதுவே முதன்முறை. 1932-இல் 'மேஜிக் மிட்ஜெட்' என்ற புதிய காரில் 120 மைலையும் கடந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்டர்போல்ட்டின் எஞ்சின்கள் ஏறத்தாழ நூறு மடங்கு பெரியவை. வேகமோ மூன்று மடங்குதான்! காரணம், காற்றின் தடை. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். அதை வெல்ல எட்டு மடங்கு சக்தி வேண்டும். பெரிய எஞ்சின் காற்றோடு மல்லுக்கு நிற்கலாம். சிறிய எஞ்சினால் அது இயலாது. ஆகவே மேஜிக் மிட்ஜெட்டின் எஞ்சினைச் சற்றே சாய்கோணத்தில் பொருத்தி, ஓட்டுநர் மிகத் தாழ்வாக அமருமாறு செய்தனர். காரின் மேனி மீனைப்போல் ஒடுங்கியது. பலத்தைக் கூட்டுவதைவிடத் தடையைக் குறைப்பதே வழி என்று கண்டனர்.

1933-இல் காரை இன்னும் ஒடுக்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. நல்ல ஆகிருதி படைத்த ஐஸ்டனால் அதற்குள் நுழையவே முடியவில்லை! காரை அகலமாக்கச் சொல்லவில்லை அவர். சிறிய உடலமைப்புக் கொண்ட பெர்ட் டென்லியிடம் இருக்கையை விட்டுக்கொடுத்தார். டென்லி 128 மைல் வேகத்தை எட்டினார். 357 மைல் ஓடிய வீரத்தைவிட இந்த விட்டுக்கொடுத்தலே மேலானது என்பேன்.

"உயிரைப் பணயம் வைத்து இப்படி ஓடுவதால் யாருக்கு என்ன லாபம்?" என்று பெரியோர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 1931-இல் ஒரு மணி நேரத்தில் 101 மைல் ஓடி முடித்த உடனே கார் தீப்பற்ற, ஐஸ்டன் வெளியே குதித்துத் தப்பினார். தெருவில் வேகமாக ஓட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்கவில்லை. ஆனால் காற்றைக் கிழிக்காமல் விலக்கிச் செல்லும் கலை, சாதாரணக் கார்களிலும் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. 1957-இல் ஒன்றரை லிட்டர் எஞ்சின் கொண்ட எம்.ஜி. காரில் ஸ்டர்லிங் மாஸ் 245 மைல் வேகத்தை எட்டியதும் இக்கலையின் வெற்றியே.

அன்புத் தோழியரே! நம்முள் ஐந்து தாலந்து பெற்றவர் சிலர். ஒரே தாலந்து பெற்றவர் பலர். அந்த ஒன்றை மண்ணில் புதைக்க வேண்டாம். சோம்பல், பொறாமை, "நான்தான் முன்னே நிற்பேன்" என்னும் பிடிவாதம் ஆகியவையே நம்மைத் தடுக்கும் காற்று. அவற்றைக் களைவோம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எந்திரங்களைப் பற்றி மகள் கேள்வி கேட்டால், "பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று வாயை அடைக்காதீர்கள். அத்தடையையும் நீக்கிவிட்டால், சிறிய எஞ்சினும் வெகுதூரம் போகும்.