திருகைத் தொடும் முன் நூலைப் பாருங்கள்

தையல் இயந்திரம் சிக்கிக்கொண்டால் பெரும்பாலான வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கும். நூல் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை யாராவது இப்படியும் அப்படியும் திருகிப் பார்ப்பார்கள். அதற்கும் வழிக்கு வராவிட்டால், "மெஷின் கெட்டுப்போச்சு" என்று சொல்லி மூடி மூலையில் வைத்துவிடுவார்கள். இரண்டுமே அவசர முடிவுகள் என்பேன். அப்படி மூலைக்குப் போகும் பல இயந்திரங்கள் உண்மையில் கெட்டுப்போகவே இல்லை. உராய்வையும் மாறிகளையும் பள்ளியில் படித்த ஒரு மாணவரால் அவற்றை மீண்டும் ஓடவைக்க முடியும்.

முதலில் தையல் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். அரிசி மூட்டையின் வாய்த் தையலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால், சரசரவென்று முழுதும் பிரிந்துவிடும். அது சங்கிலித் தையல். நம் வீட்டு இயந்திரம் போடுவது பூட்டுத் தையல். அதற்கு இரண்டு நூல்கள் வேண்டும்: மேலே நூற்கண்டிலிருந்து ஒன்று, கீழே பாபினிலிருந்து ஒன்று. அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் 1846இல் காப்புரிமை பெற்ற இயந்திரமும் இந்தத் தையலைத்தான் போட்டது. ஊசி துணிக்குள் இறங்கிச் சற்றே மேலெழும்போது, மேல்நூல் சிறு வளையமாகப் புடைக்கிறது. கீழே இருக்கும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுவருகிறது. பிறகு மேலே ஏறி இறங்கும் நெம்பு மிச்ச நூலை இழுத்துக்கொள்கிறது. இரண்டு நூல்களும் துணியின் நடுவில் பூட்டிக்கொள்கின்றன.

இது புரிந்தால் ஒரு பெரிய குழப்பம் தீரும். துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சுருண்டு கிடந்தால், எல்லாரும் பாபினைத்தான் குறை சொல்வார்கள். ஆனால், அங்கே சுருண்டு கிடப்பது பெரும்பாலும் மேல்நூல்! அதை மேலே இழுத்துப் பிடிக்க ஆளில்லாததால் அடியில் தேங்கிவிட்டது. தெரியும் இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் வேறு.

மேல்நூலை இழுத்துப் பிடிப்பது உராய்வுதான். இரண்டு சிறிய உலோக வட்டுகளின் நடுவே நூல் போகிறது. ஒரு சுருள்வில் அந்த வட்டுகளை நெருக்குகிறது. துணியை அழுத்தும் பாதத்தை உயர்த்தினால் வட்டுகள் விலகும், தாழ்த்தினால் நெருங்கும். பாதம் தாழ்ந்திருக்கும்போது நூல் கோத்தால், நூல் வட்டுகளுக்குள் இறங்காமல் விளிம்பிலேயே நின்றுவிடும். அப்புறம் திருகை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. ஆகவே, பாதத்தை உயர்த்திவிட்டு முதலிலிருந்து நூல் கோருங்கள். ஊசியில் கோர்ப்பதற்கு முன் நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். பாதம் மேலே இருக்கும்போது தாராளமாக வர வேண்டும்; கீழே இறக்கியதும் பிடித்து இழுப்பதுபோல் தெரிய வேண்டும். வித்தியாசமே இல்லையென்றால் நூல் வட்டுக்குள் போகவில்லை.

அடுத்தது ஒரு சோதனை. மேலே சிவப்பு நூல், பாபினில் நீல நூல். இரண்டும் ஒரே தடிமனில் இருக்கட்டும். இரண்டாக மடித்த பருத்தித் துணியில் 10 செண்டிமீட்டர் தையுங்கள். அடிப்பக்கத்தில் சிவப்பு தெரிந்தால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது. மேல்பக்கத்தில் நீலம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் அதிகமாக இறுகியிருக்கிறது. திருகை ஓர் எண் மட்டும் மாற்றி, மறுபடி தையுங்கள். இறுக்கம் தற்சார்பு மாறி. துணி, நூல், ஊசி ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால், எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும். பாபின் கூட்டில் உள்ள குட்டித் திருகைக் கடைசிவரை தொடாமல் விடுவது நல்லது.

இயந்திரம் நடுவில் இறுகி நின்றுவிட்டால் துணியைப் பிடித்து இழுக்காதீர்கள், ஊசி வளையும். மின்சாரத்தை அணைத்து, பிளக்கையும் கழற்றுங்கள். கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெல்லச் சுழற்றி ஊசியை உயர்த்துங்கள். சுழலாவிட்டால் பலவந்தம் வேண்டாம். அடியில் உள்ள நூலை வெட்டிவிட்டு, பாபினை வெளியே எடுங்கள். அங்கே சேர்ந்திருக்கும் பஞ்சுத் துகளைச் சிறு தூரிகையால் துடையுங்கள். வாயால் ஊதினால் துகள் இன்னும் உள்ளே போகும். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. அது நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். ஊசியையும் மாற்றிப் பாருங்கள். 90 என்ற எண் கொண்ட ஊசியின் தடிமன் 0.9 மில்லிமீட்டர். அது சாதாரணப் பருத்திக்குப் போதும். மெல்லிய துணிக்கு 75, ஜீன்ஸ் துணிக்கு 100 பொருந்தும்.

"பழுது பார்ப்பவருக்கு இது பிழைப்பு, பிள்ளைகள் கை வைத்தால் இன்னும் கெடும்" என்று சிலர் சொல்லலாம். மோட்டார் புகைந்தால், கொக்கியும் ஊசியும் சந்திக்கும் நேரம் தப்பினால் நிச்சயம் அவரிடம்தான் போக வேண்டும். ஆனால், நூலை மறுபடி கோர்ப்பதும் ஊசி மாற்றுவதும் எதையும் கெடுக்காத, எளிதில் பழைய நிலைக்குத் திருப்பக்கூடிய வேலைகள். தீபாவளிக்கு முந்திய வாரம் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் ஓர் அம்மாவுக்கு, இயந்திரம் இரண்டு நாள் கடையில் கிடப்பது வெறும் அசௌகரியம் அல்ல. சொன்ன தேதி தவறும், வருமானமும் போகும்.

ஆகவே, தையல் வகுப்பில் தைக்கக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்தாமல், வேண்டுமென்றே தவறாக நூல் கோர்த்த ஓர் இயந்திரத்தையும் மாணவர்கள் முன் வைக்க வேண்டும். மாணவி, மாணவர் இருவருமே காரணத்தைக் கண்டுபிடிக்கட்டும். கருதுகோள், சோதனை, முடிவு என்று தேர்வுத்தாளில் எழுதுவதை அங்கே கையால் செய்து பார்ப்பார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டு மூலையில் ஓர் இயந்திரம் இருந்தால், பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, இந்த வார இறுதியில் இரண்டு நிற நூலோடு உட்காருங்கள்.