திறந்த சான்று

மாத்திரையின் உறையில் அதில் அடங்கிய மருந்தின் பெயரும் அளவும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதே நோயாளியின் நெஞ்சுக்குள் பொருத்தப்படும் இதயத் துடிப்புக் கருவியை இயக்கும் நிரலின் ஒரு வரியைக்கூடப் பெரும்பாலும் அவர் காண இயலாது. இவ்வாறு கருவியின் உறுப்பாகவே அமைந்து இயங்கும் நிரல்களை உட்பொதி மென்பொருள் என்பர். வானூர்தியின் கட்டுப்பாடு, தொடர்வண்டியின் சைகை, மகிழுந்தின் பிரேக், இன்சுலின் செலுத்தும் கருவி என இவை பரவியுள்ள இடங்கள் பல. இவை பிழைத்தால் இழப்பு பொருளோடு நிற்பதில்லை. ஆதலால், இவற்றைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் பணி யார் கண்முன் நடைபெற வேண்டும் என்னும் வினா பொறியாளர்களுக்கு மட்டும் உரியதன்று.

தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் வரலாறு இவ்வினாவின் கூர்மையை உணர்த்தும். கனடாவில் உருவாக்கப்பட்ட அக்கருவி, 1985 முதல் 1987 வரையிலான காலத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிகிச்சைக்கு வந்த ஆறு பேர்மீது அளவு கடந்த கதிர்வீச்சைப் பாய்ச்சியது. அவர்களுள் சிலர் அதனாலேயே உயிரிழந்தனர். முந்தைய தெராக்-20 கருவியில் தவறான கதிர் வெளிப்படாமல் தடுக்கும் வன்பொருள் தடைகள் இருந்தன. புதிய கருவியில் அவை நீக்கப்பட்டுக் காவல் பொறுப்பு மென்பொருளிடம் விடப்பட்டது.

டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் 1986ஆம் ஆண்டு கருவியை இயக்கியவர், ஊடுகதிருக்குரிய எழுத்தைத் தவறுதலாகத் தட்டிவிட்டு, உடனே எலக்ட்ரான் கதிருக்குரிய எழுத்தாகத் திருத்தினார். எட்டு நொடிகளுக்குள் செய்த அத்திருத்தம் திரையில் தெரிந்தது. கருவியின் உள்ளமைவோ அதை முழுமையாக ஏற்கவில்லை. அளவு மீறிய கதிர் வெளிப்பட வாய்ப்பே இல்லை என்று உற்பத்தியாளர் தரப்பு கூறிவந்தது. உண்மையை வெளிக்கொணர்ந்தவர்கள் அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவருமே ஆவர். அவர்கள் விசைகளை மீண்டும் மீண்டும் தட்டி, தட்டும் விரைவைக் கூட்டி, பிழை எந்நிலையில் தோன்றுகிறது என்பதைக் கண்டறிந்தனர். அதே பிழை தெராக்-20இன் நிரலிலும் இருந்தமை பின்னரே தெரியவந்தது. அங்கே வன்பொருள் தடைகள் நோயாளிகளைக் காத்திருந்தன. பிழையைத் தேடும் தேவையும் பொறுமையும் மருத்துவமனையில் இருக்க, நிரல் நிறுவனத்தின் பெட்டகத்தில் இருந்தது.

நன்கு சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். தலா 32 பிட் அளவுள்ள இரண்டு எண்களை உள்ளீடாகப் பெறும் சிறு நிரல் ஒன்றை எடுத்துக்கொண்டாலே விடை கிடைத்துவிடும். அவ்விரு எண்களின் எல்லாச் சேர்க்கைகளையும் நொடிக்கு நூறு கோடி வீதம் சோதித்தாலும் முடிக்க ஏறத்தாழ 584 ஆண்டுகள் ஆகும். சோதனை பிழையின் இருப்பைக் காட்டும். இன்மையைக் காட்டாது என்பதைக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா நெடுங்காலத்திற்கு முன்பே சுட்டிக்காட்டினார். முக்கோணத்தின் கோணங்கள் கூடி 180 பாகையாகும் என்பதை உலகிலுள்ள முக்கோணங்களை எல்லாம் அளந்து எவரும் நிறுவுவதில்லை. நிரலையும் அவ்வாறே கணித முறையில் நிறுவ இயலும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009ஆம் ஆண்டு அதைச் செய்துகாட்டினர். எஸ்இஎல்4 என்னும் இயங்குதள உட்கரு ஏறத்தாழ 8,700 வரிகள் கொண்டது. அது தனக்கு விதிக்கப்பட்ட வரையறைப்படியே இயங்கும் என்பதற்கான நிறுவல் இரண்டு இலட்சம் வரிகளுக்கு நீண்டது. உழைப்பு ஏறத்தாழ இருபது மனித ஆண்டுகள். 2014ஆம் ஆண்டு நிரலும் நிறுவலும் திறந்த மூலமாக வெளியிடப்பட்டன. நிறுவலைச் சரிபார்க்கும் இசபெல் என்னும் மென்பொருளும் திறந்த மூலமே. ஆதலால், விரும்பும் எவரும் அந்த நிறுவலைத் தம் கணினியில் மீண்டும் இயக்கிப் பார்க்கலாம். வன்பொருள் சரியாக இயங்குகிறது என்பது போன்ற தன் எடுகோள்களையும் அது வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. எதை நிறுவவில்லை என்பதைக் கூறும் இந்நேர்மையே அதன் தலையாய சிறப்பு எனலாம்.

நிரலை மட்டும் திறந்து வைத்துவிட்டால் பாதுகாப்பு தானே வந்துவிடாது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறந்த மூல மென்பொருளில் 2012ஆம் ஆண்டு புகுந்த 'ஹார்ட்பிளீட்' என்னும் பிழை, 2014 வரை எல்லோர் கண்முன்னும் இருந்தும் எவர் கண்ணிலும் படவில்லை. பலர் பார்க்கலாம் என்பதால் பலர் பார்க்கிறார்கள் என்று கொள்வது பேதைமை. வானூர்தி மென்பொருளுக்கான டிஓ-178சி நெறிமுறை, தேவை, நிரல், சோதனை ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டுமாறு வலியுறுத்துகிறது. இச்சான்றுகள் இன்று பெரும்பாலும் நிறுவனத்திற்கும் ஒப்புதல் வழங்கும் அமைப்பிற்கும் இடையிலேயே தங்கிவிடுகின்றன. நிரலோடு சேர்த்துத் திறக்கப்பட வேண்டியவை இவையே.

நாள்தோறும் மாறும் திறந்த மூல நிரலுக்கு யார் பொறுப்பேற்பது என்னும் தடை நியாயமானது. குறிப்பிட்ட ஒரு பதிப்புக்கே சான்று; அதைக் கருவியில் பொருத்தி விற்பவரே அதற்குக் கையொப்பமிட வேண்டும். படிக்கும் உரிமையை மாற்றும் உரிமையோடு குழப்பிக்கொள்ளவும் தேவையில்லை. அமெரிக்க வழக்கறிஞர் கேரன் சாண்ட்லர், தம் உடலில் பொருத்தப்படவிருந்த இதயக் கருவியின் மூல நிரலைப் பார்க்க வேண்டும் என்றே கேட்டார். நிறுவனங்கள் அதற்கும் இணங்கவில்லை.

வணிக இரகசியம் என்னும் மறுப்பு இதனினும் வலுவற்றது. காப்புரிமை பெறும் கண்டுபிடிப்பும் வெளியிடப்பட்ட பின்னரே காக்கப்படுகிறது. மருத்துவக் கருவிகளைப் பொதுப்பணத்தில் வாங்கும் அரசுகள், நிரலையும் அதன் சரிபார்ப்புச் சான்றுகளையும் படிக்கத் தருவதை ஒப்பந்த நிபந்தனையாக்கலாம். அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் கண்டறியப்பட வேண்டியதில்லை.