பி.வி.சி குழாயில் ஒரு சினிமாக் கண்!

ஸ்மார்ட்போனில் ‘போர்ட்ரெய்ட்’ பொத்தானைத் தட்டினால் போதும். குழந்தையின் முகம் பளிச்சென்று நிற்கும். பின்னால் கொடியில் காயும் துணியும் தண்ணீர் டிரம்மும் மங்கலாகக் கரைந்துவிடும். சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு, வீடியோவில் இதே மங்கலைக் கொண்டுவருவதற்காகப் பல நாடுகளில் குறும்பட ஆர்வலர்கள் வீட்டிலேயே குழாயை அறுத்து, கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

2002-ல் பானாசோனிக் நிறுவனத்தின் டிவிஎக்ஸ்100 வீடியோ கேமரா வந்தது. சினிமாவைப் போலவே விநாடிக்கு 24 ஃபிரேம்கள். கையில் காசில்லாத இயக்குநர்களுக்குக் கொண்டாட்டம். ஆனாலும் ஒரு குறை. கதாநாயகியின் முகமும் அவளுக்குப் பின்னால் உள்ள சுவரின் விரிசலும் ஒரே தெளிவில் தெரிந்தன. பார்த்தவுடன் ‘கல்யாண வீடியோ’ நினைப்பு வந்தது.

எல்லாம் துவாரத்தின் வேலை

காரணம், சென்சாரின் அளவு. ஸ்டில் கேமரா ஃபிலிமின் ஒரு ஃபிரேம் 36 மி.மீ. அகலம். அந்த வகை வீடியோ கேமராவின் சென்சாரோ 5 மி.மீ. அகலம்கூட இல்லை. பெரிய ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸ் காட்டும் காட்சியை, சின்ன சென்சாரில் காட்ட 7 மி.மீ. லென்ஸே போதும். எஃப் 2 அளவில் திறந்தால், முதல் லென்ஸின் துவாரம் 25 மி.மீ.; இரண்டாவதன் துவாரம் வெறும் 3.5 மி.மீ. ஒரே காட்சியை ஒரே தூரத்திலிருந்து எடுக்கும்போது, துவாரம் சின்னதானால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் சேர்ந்தே தெளிவாகிவிடும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் எழுத்து தெளிவாகத் தெரிகிறதே, அதே கதைதான்.

லென்ஸை மாற்றலாம் என்றால், அந்தக் கேமராவில் லென்ஸைக் கழற்றவே முடியாது. அதனால் ஒரு குறுக்கு வழி பிறந்தது.

படத்தையே படம் எடுப்பது

பழைய ஸ்டில் கேமரா லென்ஸை ஒரு குழாயின் முன்பக்கம் பொருத்துவார்கள். குழாயின் உள்ளே, பாத்ரூம் ஜன்னலில் இருப்பது போன்ற தேய்த்த கண்ணாடி. லென்ஸ் தரும் பிம்பம், திரையில் விழுவதுபோல அந்தக் கண்ணாடியில் விழும். மங்கலும் அழகும் அங்கேயே உருவாகிவிடும். பின்னால் இருக்கும் வீடியோ கேமரா, ஒரு குளோஸ்-அப் லென்ஸின் உதவியோடு அந்தப் பிம்பத்தைப் படமெடுக்கும். அவ்வளவுதான் அடாப்டர்.

ஜெர்மனியின் பி+எஸ் டெக்னிக் நிறுவனம் ‘மினி35’ என்ற பெயரில் இதைத் தொழில்முறைக் கருவியாகவே விற்றது. விலை பல ஆயிரம் டாலர். வீட்டில் செய்தவர்களுக்குத் தேவைப்பட்டது பி.வி.சி குழாய், பழைய லென்ஸ், கண்ணாடி, அதைத் தேய்க்க அலுமினியம் ஆக்ஸைடு பொடி. கூடவே நிறைய பொறுமை.

பொறுமை எதற்கு? ஒவ்வொரு லென்ஸும் தனக்குப் பின்னால் குறிப்பிட்ட தூரத்தில்தான் தெளிவான பிம்பம் தரும். நிக்கான் எஃப் லென்ஸ் என்றால், அதன் மவுன்ட்டிலிருந்து கண்ணாடி 46.5 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். சற்றே தள்ளிப்போனாலும் தூரத்து மரம் தெளிவாகவே வராது.

அடுத்த தலைவலி, தேய்த்த கண்ணாடியின் சொரசொரப்பு. வலைத்துணி வழியாகப் பார்ப்பதுபோல, படம் முழுக்க அசையாத புள்ளிகள் தெரியும். அதற்கும் வழி கண்டார்கள். காலி சிடி கட்டின் மேலே வருமே, ஒளி ஊடுருவும் வெறும் பிளாஸ்டிக் வட்டு, அதைத் தேய்த்து, சின்ன மோட்டாரில் சுழலவிட்டார்கள். வேகமாகச் சுழலும்போது புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்தன.

இத்தனைக்குப் பிறகும் படம் தலைகீழாகத்தான் வரும். எடிட்டிங்கில் திருப்பிக்கொள்ளலாம், ஆனால், படப்பிடிப்பில் மானிட்டரைக் கவிழ்த்து வைத்துத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி வெளிச்சத்தையும் விழுங்கும் என்பதால் கூடுதல் விளக்குகள் வேறு.

வீணானதா உழைப்பு?

2008-ல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. 36 மி.மீ. அகல சென்சாரிலேயே ஹெச்.டி வீடியோ எடுக்கும் கேமரா. கண்ணாடியும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். சில ஆண்டுகளில் அடாப்டர்கள் அலமாரிக்குப் போய்விட்டன.

கருவிதான் பழசானது. அதைச் செய்தவர்கள் கற்றது பழசாகவில்லை. தெளிவு சில அங்குலம் மட்டுமே இருக்கும்போது, நடிகர் லேசாக முன்னே சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். அதனால் தரையில் டேப் ஒட்டி, தூரத்தை அளந்து, ‘இந்த நொடியில் ரசிகர் யாரைப் பார்க்க வேண்டும்’ என்று முன்கூட்டியே முடிவு செய்யப் பழகினார்கள். போன் இன்று அந்த மங்கலைக் கணக்குப் போட்டு வரைகிறது. யாரைப் பார்க்க வேண்டும் என்ற முடிவை மட்டும் எடுப்பவர்தான் எடுக்க வேண்டும்.

அப்பாவின் பழைய நிக்கான் லென்ஸ் பெட்டியில் தூங்குகிறதா? பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். சோனி மிரர்லெஸ் கேமராவில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. மீதி 28.5 மி.மீட்டரை நிரப்பும் வெற்று வளையம் ஒன்று போதும். உள்ளே கண்ணாடியே தேவையில்லை. ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும்.

கேமராவே இல்லாதவர்கள், விடுமுறை நாளில் குழந்தைகளோடு இதைச் செய்து பாருங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். ஜன்னலிலிருந்து சில அடி தள்ளி பூதக்கண்ணாடியைப் பிடித்து, அதன் பின்னால் பட்டர் பேப்பரை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். (வெயில் நேராக விழும் ஜன்னல் வேண்டாம். பூதக்கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது.) ஓரிடத்தில் ஜன்னல் கம்பிகள் தலைகீழாகத் தெளியும், வெளியே நிற்கும் மரம் மங்கும். பேப்பரை லென்ஸை நோக்கிச் சற்று நகர்த்தினால் மரம் தெளியும், கம்பிகள் மங்கும். பேப்பருக்குப் பின்னாலிருந்து போனில் அதைப் படமெடுங்கள். கம்பியா, மரமா என்பதை மட்டும் குழந்தை முடிவு செய்யட்டும்.