சிவப்புக் கொடியும் விசாரணையும்

பெண்ணுரிமை பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே கட்சி என்று நம் அன்பர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல என்பதை 2017 அக்டோபர் மாதம் ஊரறியக் காட்டிவிட்டது. ராயா சர்க்கார் என்ற இளம் சட்ட மாணவர், மாணவிகளிடம் தவறாக நடந்ததாகச் சொல்லப்பட்ட பேராசிரியர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை ஃபேஸ்புக்கில் வெளியிட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். எந்தக் கல்வி நிலையம் என்று இருந்தது. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்ற விவரம் பெரும்பாலும் இல்லை. ஓரிரு நாளிலேயே நிவேதிதா மேனன், கவிதா கிருஷ்ணன், வழக்கறிஞர் விருந்தா குரோவர் முதலிய மூத்தவர்கள் சுமார் ஒரு டஜன் பேர் சேர்ந்து அறிக்கை விட்டார்கள். விளக்கமில்லாமல் பெயர்களை மட்டும் வெளியிடுவது முறையல்ல, பட்டியலைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள். இளையவர்கள் கொதித்துப்போனார்கள். தலித் பெண்கள் பலர், கையெழுத்திட்டவர்களின் சாதியையும் பதவியையும் சுட்டிக்காட்டிக் கேள்வி கேட்டார்கள்.

"வயசானவங்களுக்கும் சின்னப் பொண்ணுங்களுக்கும் சண்டை, நமக்கென்ன?" என்றார் ஒரு நண்பர். நம் பெண்கள் டில்லியிலும் புனாவிலும் ஹைதராபாதிலும் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறார்கள். நமக்கென்ன என்று எப்படி இருக்க முடியும்?

மூத்தவர்கள் சட்டப் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பது அநியாயமான பேச்சு. 1972-ல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் போலீஸ் நிலையத்தில் மதுரா என்ற ஆதிவாசிப் பெண்ணுக்குக் கொடுமை நடந்தது. நாம் வசிக்கும் இந்த நாக்பூரிலுள்ள உயர்நீதிமன்றக் கிளை இரு போலீஸ்காரர்களைத் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 1979-ல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் முதலிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. அன்றைக்கு அவர்களும் முறை மீறியவர்கள் என்றுதான் பெயர் வாங்கினார்கள்.

பிறகு 1992-ல் ராஜஸ்தானில் பன்வரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகப் பழிவாங்கப்பட்ட அரசுத் திட்டப் பணியாளர். குற்றம் சாட்டப்பட்டவர்களை 1995-ல் கீழ்க்கோர்ட் விடுதலை செய்தது. ஆனால் அந்தச் சம்பவத்தையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகளும், அதிலிருந்து 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. இத்தனை பாடுபட்டுக் கட்டிய வீட்டை ஒரே ராத்திரியில் தள்ளிவிடுகிறார்களே என்று மூத்தவர்களுக்கு வயிறு எரிந்ததில் ஆச்சரியமில்லை.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. என் தங்கை ஒரு வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். "நாங்க சேர்ந்த காலத்துல புகார் போட ஒரு பெட்டிகூட கிடையாதுடீ" என்றாள். அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த என் மகள், "கமிட்டியில உட்கார்ந்திருக்கிறதே அவரோட சிநேகிதர்தானே அத்தை, அவர்கிட்டயே போய் எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டாள்.

மகள் சொன்னதை அலட்சியப்படுத்த முடியாது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999 முதல் இயங்கி வந்த புகார்க் குழுவில் மாணவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் இருந்தார்கள். நாடே அதை முன்மாதிரி என்று சொன்னது. அதை 2017 செப்டம்பரில் கலைத்துவிட்டார்கள். பட்டியல் வந்தது அடுத்த மாதம். அதற்காகத்தான் இது வந்தது என்று நான் சொல்லவில்லை. மாணவிகளிடம் முறைப்படி போங்கள் என்று சொன்ன நேரம் எப்படிப்பட்ட நேரம் என்று மட்டும் பாருங்கள்.

நான் ரயில்வேயில் பல இலாகா விசாரணைகளை நடத்தியவன். எஸ்.எஃப். 5 என்றாலே நம் ரயில்வே அன்பர்களுக்கு வயிறு கலங்கும். அதில் குற்றச்சாட்டு என்ன, சாட்சி யார், ஆவணம் எது என்று எழுதித்தான் ஆகவேண்டும். என்ன செய்தான் என்று சொல்லாமல் ஒருவனைப் பதில் சொல் என்றால் அவன் எதற்குப் பதில் சொல்வான்? அதேசமயம், சாட்சியை வேறு டிவிஷனுக்கு மாற்றி, ஃபைலை மேஜைக்கு மேஜை அலையவிட்டு, கடைசியில் ஒன்றுமில்லாமல் ஆக்கிய விசாரணைகளையும் பார்த்திருக்கிறேன்.

லைனில் இதற்கு ஒரு வழி உண்டு. தண்டவாளம் உடைந்திருப்பதைக் கண்ட கீமேன் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. சிவப்புக் கொடி காட்டுவான். அகலப் பாதை என்றால் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டரும் 1,200 மீட்டரில் மூன்றும் வைப்பான். வண்டி நின்ற பிறகுதான் ஆராய்ச்சி. ஆனால் எந்தக் கிலோமீட்டர், எந்த ரயில் என்று அவன் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியல் கிலோமீட்டர் எண் இல்லாத சிவப்புக் கொடி. மூத்தவர்கள் எண்ணைக் கேட்டது சரி. கொடியையே சுருட்டி வை என்றது சரியில்லை என்பது என் அபிப்பிராயம். சாதி பற்றிய கேள்விக்கும் அவர்கள் இன்னும் நேராகப் பதில் சொல்லியிருக்கலாம்.

2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கோவா பல்கலைக்கழக வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போதிய அவகாசம் தராமல் குழு அவசரப்பட்டது என்று பணிநீக்கத்தை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. அதே தீர்ப்பில், சட்டம் வந்து பத்து வருஷமாகியும் அமலாக்கத்தில் பெரிய குறைகள் இருப்பதைக் கண்டித்து, எல்லா இடங்களிலும் குழு இருக்கிறதா என்று சரிபார்க்க உத்தரவிட்டது. என் தங்கையும் மகளும் ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொண்டு ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும். பெண்ணே தலைவர், பாதிப் பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர். குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்கவும் வேண்டும். நம் சங்கப் பள்ளியில் ஆசிரியைகளும் ஆயாக்களும் சேர்ந்தால் பத்துக்கு மேல் வரும். அங்கே அந்தக் காகிதம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்கப்போகிறேன். செயலாளர் இப்போதே தேடி வைத்துக்கொள்ளட்டும்.