இரைச்சலைத் தூக்கியவர்களும் இறக்கி வைத்தவர்களும்

"அந்தச் சனியன விட்டுத் தொலைச்சு முப்பது வருசமாச்சு. நீங்க எதுக்குடா திரும்பத் தூக்குறீங்க?"

2018-ல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் முதல் பாடல்களை நான் செல்போனில் போட்டுக் கேட்டபோது அப்பா கேட்ட கேள்வி இது. கிடாரும் டிரம்ஸும் அவருக்குப் பிரச்சினை இல்லை. நடுவில் பறை கேட்கிறதே, அதுதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி பக்கம் எங்கள் ஊர். தாத்தா பறையடித்தவர். ஊர்த் தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாலும் அப்படியே எழுந்து போகவேண்டும். கூலி நெல்லாகக் கிடைக்கும், சில நேரம் அதுவும் கிடைக்காது. பிள்ளையார் கோயில் முக்குக்கு வந்ததும் தாத்தாவைவிட முப்பது வயது இளையவர் ஒருவர், "இரைச்சல நிறுத்துடா" என்பார். பிணம் கிடக்கும் வாசலில் அதே அடி சடங்கு. இருபதடி தள்ளி வந்தால் இரைச்சல். தொண்ணூறுகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் கூடி, இனி சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அப்பாவும் அதில் ஒருவர். அதற்காக அந்த வருடம் முழுக்க எங்கள் தெருவில் யாருக்கும் வயல் வேலை இல்லை. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் தலைமையில் பறையடிக்க மறுத்தவர்கள் தொடங்கிப் பல மாவட்டங்களில் பல ஊர்கள் இப்படி விலை கொடுத்துத்தான் பறையை இறக்கி வைத்திருக்கின்றன.

அதனால் அப்பாவின் கேள்வியை 'பழைய ஆள்' பேச்சு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

கல்லூரி விடுதியில்தான் 'நாய்ஸ் ராக்' என்ற சொல்லை முதலில் கேட்டேன். நண்பன் ஒருவன் சோனிக் யூத், ஸ்வான்ஸ் என்று நியூயார்க் குழுக்களின் 1983-ஆம் ஆண்டு ஆல்பங்களைக் கொடுத்தான். கிடாரை ஆம்ப்ளிஃபயருக்கு நேரே பிடித்துக் கீச்சிட வைப்பது, தந்திகளை வேண்டுமென்றே முறை தவறிச் சுருதி சேர்ப்பது, ஒலிப்பொறியாளர் வெட்டி எறியும் சத்தத்தையே பாட்டாக்குவது. எனக்குப் பிடித்திருந்தது. இவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று சொல்லப்படும் லிங்க் ரே 1958-ல் 'ரம்பிள்' இசைத்தார். அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் இளைஞர்களை அடிதடிக்குத் தூண்டிவிடும் என்று அமெரிக்காவில் சில வானொலிகள் அதை ஒலிபரப்ப மறுத்தன. வெறும் சத்தத்துக்கே தடை! எங்கள் பிள்ளையார் கோயில் முக்கு ஞாபகம் வந்தது. ஒரே வித்தியாசம், அவர்கள் இரைச்சலைத் தேடிப்போய் எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அது பிறப்போடு எழுதி வைக்கப்பட்டிருந்தது.

எது இசை என்று முடிவு செய்வதில் எங்கள் மாவட்டத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஏழாம், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது எனப்படும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. சுர வரிசைகளைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கஞ்சிராவைக் கர்நாடகக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோன மாமூண்டியா பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்தான். கஞ்சிரா என்பது என்ன? ஒரு மரவளையம், அதில் இழுத்து ஒட்டிய உடும்புத்தோல். பறையும் மரவளையம்தான், அதில் மாட்டுத்தோல். தோல்தான் காரணமோ என்றால் மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது. அதைப் பதப்படுத்தி வாரிழுத்துக் கட்டும் தலித் கிறித்தவக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே தோலில் தீட்டு இல்லை, அதிர்விலும் இல்லை. அடிக்கும் கை யாருடையது என்பதில்தான் இசையும் இரைச்சலும் பிரிகின்றன.

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய, பத்தொன்பது பேர் கொண்ட குழு. பண்டிதர் அயோத்திதாசரின் 'சாதியில்லாத் தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர். நாய்ஸ் ராக் என்ற கட்டத்துக்குள் இவர்கள் அடங்கமாட்டார்கள். கானா, ராப், ராக் மூன்றும் இருக்கும். ஆனால் தமிழில் இரைச்சல் என்ற சொல்லோடு உண்மையிலேயே கணக்குத் தீர்க்க வந்த குழு எனக்குத் தெரிந்து இதுதான். இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினார்கள். சபரிமலைத் தீர்ப்பு வந்த அதே ஆண்டில் இசைவாணி பாடிய 'ஐயாம் சாரி ஐயப்பா' ஆறு வருடம் கழித்து, 2024-லும் அவர் மீது புகார் கொடுக்க வைத்தது. ஆறு வருடமாக அடங்காத சத்தம்!

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. பறையை 'தமிழரின் ஆதி இசை' என்று குளிப்பாட்டிப் பொட்டு வைத்து மேடையேற்றும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. ஐ.டி. கம்பெனிப் பொங்கல் விழாவில் பறை, ஆதிக்க சாதிக் கல்யாண ரிசப்ஷனில் பறை. சங்கப் பாட்டில் இருக்கிறது என்று சான்றிதழ் வேறு. அந்தச் சான்றிதழில் என் தாத்தா இல்லை, அந்த வருடம் பட்டினி கிடந்த எங்கள் தெருவும் இல்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அப்படிக் கழுவவில்லை. வடசென்னைச் சாவு வீடுகளில் வளர்ந்த கானாவைச் சாவு வாசனையோடே கொண்டுவந்து, கோட் சூட் போட்டு, எலெக்ட்ரிக் கிடாருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒரு குறையும் சொல்லவேண்டும். மேடையில் நெஞ்சில் இடிக்கும் பறையும் சட்டியும் ஸ்டுடியோப் பதிவுகளில் ஒழுங்காகச் சீவப்பட்டு கிடாருக்குப் பின்னால் போய்விடுவதாக எனக்குத் தோன்றும். காதுக்கு இதமாக்கும் அந்த வேலையை இவர்கள் செய்திருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் வேங்கைவயலை விட்டுவிட்டு எழுத முடியாது. 2022 டிசம்பர் இறுதியில் அங்கே தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் எஸ்.பி.யும் பக்கத்து இறையூரில் இரட்டைக் குவளையைக் கண்டார்கள், கோயிலுக்குள் தலித்துகளை அழைத்துப் போனார்கள். அப்போது ஆதிக்க சாதிப் பெண் ஒருவர் சாமி வந்ததுபோல் ஆடி, உள்ளே வந்தவர்களை இழிவாகப் பேசினார். பிறகு கைதானார். வசவுக்கும் அங்கே அருள்வாக்கு என்ற வேடம் கிடைக்கிறது. தாத்தாவின் அடிக்கு இரைச்சல் என்ற பெயர்தான் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று இளைஞர்களைக் குற்றவாளிகளாகக் காட்டியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். பாட்டு இதில் என்ன செய்யும் என்று கேட்டால், தொட்டியைச் சுத்தம் செய்யாதுதான். ஆனால் "அமைதி காக்கவும்" என்று ஒவ்வொரு முறையும் அடி வாங்கியவனிடமே சொல்லப்படுகிற மாவட்டத்தில் சத்தம் போடுவதற்குப் பழக்கம் தேவைப்படுகிறது.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் மறுத்ததால்தான் இவர்கள் அடிக்க முடிகிறது என்றேன். இதை முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. முடியாது என்று சொல்லும் உரிமை வந்த பிறகு அடிப்பதுதான் கலை, அதுவரைக்கும் அது ஊழியம். பறை வகுப்பில் சேரும் தோழர்களிடமும் இதைத்தான் சொல்வேன்: உங்கள் ஊரில் அதை இறக்கி வைத்தவர் யார் என்று முதலில் கேளுங்கள்.

போன ஏப்ரல் 14 அன்று எங்கள் தெருக் கொடிக்கம்பத்தடியில் பையன்கள் ஸ்பீக்கரில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் போட்டார்கள். அப்பா வந்து நின்றார்.

"இவங்களுக்கு என்னடா குடுப்பாங்க?"

"காசுதாம்பா. பேசித்தான் வருவாங்க."

"கூப்பிட்டா போய்த்தான் ஆகணும்னு இல்லையே?"

"இல்லப்பா."

பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.