ஓட்டத்துக்கும் ஒரு பாடு வேண்டும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் நம் நகரங்களின் பூங்காக்களிலும் கடற்கரைச் சாலைகளிலும் புதிய காலணிகளுடன் புதிய முகங்கள் தோன்றுகின்றன. மார்ச் மாத வெயில் ஏறும்போது அவர்களில் பலரைக் காண முடிவதில்லை. ஓடத் தொடங்குவது எளிது. இரண்டாவது மாதமும் ஓடுவதுதான் கடினம். தனிமனிதச் சோம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு நாட்டின் நிலை கவலை தருகிறது.

'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-இல் வெளியான ஆய்வின்படி, 2022-இல் இந்தியாவில் வயதுவந்தோரில் 49.4 சதவீதத்தினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. 2000-இல் இது ஏறத்தாழ 22 சதவீதமாக இருந்தது. பெண்களில் 57 சதவீதத்தினரும் ஆண்களில் 42 சதவீதத்தினரும் இந்தக் கணக்கில் அடங்குவர். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரித்த ஆய்வு 2023-இல் தெரிவித்தது. தமிழ்நாட்டில் அதன் விகிதம் 14.4 சதவீதம், தேசிய சராசரியான 11.4 சதவீதத்தைவிட இது அதிகம்.

போதிய உடலியக்கம் என்பது எட்ட முடியாத இலக்கன்று. வாரத்துக்கு 150 நிமிட மிதமான இயக்கம் அல்லது 75 நிமிடத் தீவிர இயக்கம் என்பதே உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு. ஓட்டம் தீவிர இயக்கத்தைச் சேர்ந்தது. வாரத்தில் மூன்று நாள்கள் 25 நிமிடம் ஓடினால் கணக்கு நிறைவடைந்துவிடும். அப்படியிருந்தும் பலர் ஏன் இரண்டாவது மாதத்திலேயே நின்றுவிடுகிறார்கள்?

'மனவுறுதி போதவில்லை' என்பதே வழக்கமான விடை. பொருளியல் ஆய்வுகள் இந்த விடையை ஏற்பதில்லை. ஸ்டெபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் ஆகிய இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒருமுறை வருகைக்குப் 10 டாலர் என்ற எளிய வழி இருந்தும், மாதச் சந்தாவாக 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நான்கு முறையே வந்தனர். ஒரு வருகைக்கு அவர்கள் கொடுத்த விலை 17 டாலரைத் தாண்டியது. நாளைய நம்மைப் பற்றி நாம் மிகையாக மதிப்பிடுகிறோம் என்பதே இதன் பொருள். நாளை எழுந்து ஓடுவோம் என்று இன்றிரவு உறுதியாக நம்புகிறோம். விடிந்ததும் போர்வையின் சுகம் கண்முன் நிற்கிறது. ஓட்டத்தின் பலனோ பல ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. மனிதர் எவருக்கும் பொதுவான இந்தச் சாய்வை அறிவுரையால் மாற்றுவது அரிது. அதைத் தாங்கிப்பிடிக்க ஓர் ஏற்பாடு தேவை.

அத்தகைய ஏற்பாட்டை விளங்கிக்கொள்ள நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரியைப் பார்த்தால் போதும். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. இங்குள்ள கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மீனவ ஊர்களில் 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஏரியில் மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அவற்றுக்கு எல்லோரும் போட்டியிட்டால் சண்டை மூளும், வலியவர் வெல்வர். எனவே எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை விரிப்பது என்பதைச் சீட்டுப்போட்டும் சுழற்சி வைத்தும் ஊரே தீர்மானித்துக்கொண்டது. இந்த முறையை விரிவாக ஆராய்ந்த செபாஸ்டியன் மேத்யூவின் அறிக்கையை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 1991-இல் வெளியிட்டது. பொதுவளத்தை மக்கள் தாமே நிர்வகிக்க முடியும் என்பதற்கான இந்தியச் சான்றுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பாடு என்னும் சொல்லுக்கு உழைப்பு, துன்பம் என்ற பொருள்களை நாம் அறிவோம். பழவேற்காட்டில் அது 'முறை' என்ற பொருளையும் ஏற்றிருக்கிறது. இந்த மூன்றாவது பொருள்தான் ஓடத் தொடங்குவோருக்குத் தேவைப்படுகிறது.

பாட்டுமுறையில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது, இன்று போகலாமா வேண்டாமா என்ற கேள்வி காலையில் எழுவதில்லை. முறை முன்னரே முடிவாகிவிட்டது. இரண்டாவது, யாருடைய முறை என்பது ஊருக்குத் தெரியும். மூன்றாவது, ஒரு சுற்று முடிந்தால் முறை மீண்டும் வரும். பழக்கத்தைப் பற்றிய அண்மைக்கால ஆய்வுகள் வேறு வழியில் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தன்னியல்பான பழக்கமாவதற்கு நடுமதிப்பாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு இதில் ஆதரவில்லை. ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. 2021-இல் 'நேச்சர்' இதழில் கேட்டி மில்க்மன் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரியது. அமெரிக்காவில் ஓர் உடற்பயிற்சிக் கூட நிறுவனத்தின் 61,293 உறுப்பினர்களிடம் 54 வகைத் தூண்டுதல்களை அவர்கள் சோதித்தனர். முதலிடம் பெற்றது, பயிற்சியைத் தவறவிட்டவர் திரும்பி வந்தால் மிகச்சிறு வெகுமதி தரும் திட்டம். வராத நாளுக்கு வருந்துவதைவிட அடுத்த முறைக்கு வந்து சேர்வதே முக்கியம் என்பதைச் சுழற்சி முறையை அறிந்த எந்த மீனவரும் எளிதில் ஒப்புக்கொள்வார்.

ஊருக்குத் தெரிந்திருப்பதன் வலிமைக்கு லண்டனின் புஷி பூங்கா சான்று. அங்கு 2004 அக்டோபரில் 13 பேர் கூடி 5 கிலோமீட்டர் ஓடினர். 'பார்க்ரன்' என்ற பெயரில் அது இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. கட்டணமில்லை, பரிசில்லை, பெரும்பாலும் சனிக்கிழமை காலை ஒரே இடம், ஒரே நேரம். எல்லோருக்கும் கடைசியாக நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் உண்டு. அதனால் புதிதாக வருபவர் எவரும் கடைசி ஆளாக வந்து கூச்சப்பட வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வலை இழுத்தும் படகு தள்ளியும் மீன்கூடை சுமந்தும் வாழ்வோருக்கு ஓட்டம் எதற்கு? அது நகரத்து வசதியுள்ளோரின் பொழுதுபோக்கல்லவா? இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உள்ளன.

ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் குழு கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சுமார் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு முதல் விடையைத் தருகிறது. ஓய்வுநேர உடலியக்கம் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் குறைவாகவும், தொழில்சார் உடலுழைப்பு மிகுந்தவர்களுக்கு அவை அதிகமாகவும் காணப்பட்டன. உழைப்பாளரின் வறுமையும் பிற வாழ்க்கைச் சூழல்களும் இதில் கலந்திருக்கலாம் என்ற மறுப்பும் உண்டு. ஆயினும் ஆய்வாளர்கள் கூறும் காரணம் சிந்திக்கத்தக்கது. ஓட்டம் குறுகிய நேரம் இதயத்தை வேகமாக இயக்கி, பின் ஓய்வு தருகிறது. கூலியுழைப்போ பல மணி நேரம் ஓய்வின்றி இரத்த அழுத்தத்தை உயர்த்தி வைக்கிறது. எப்போது நிறுத்துவது என்பது உழைப்பவரின் கையில் இல்லை.

இரண்டாவது விடை, உழைப்பின் தன்மையே மாறிவருகிறது என்பது. துடுப்பும் கழியும் இருந்த படகுகளில் இப்போது இயந்திரம் பொருத்தப்பட்டுள்ளது. முகத்துவாரம் மணல்மேடிட்டு ஏரியின் வளம் குறையும்போது, தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களையும் அனல்மின் நிலையங்களையும் சுற்றியுள்ள வேலைகளை இளைஞர்கள் நாடுகிறார்கள். இருசக்கர வாகனத்தில் சென்று நாள்முழுவதும் காவல்பணியில் அமர்ந்திருப்பவரின் உடலுக்கு, தந்தையின் உழைப்பு கிடைக்காது. தந்தை உண்ட அளவு சோறு மட்டும் தட்டில் தொடரும். நீரிழிவு நுழையும் வாசல் இதுதான்.

நகரத்து அறிவுரையை அப்படியே குப்பத்துக்குக் கொண்டுசெல்லவும் முடியாது. 'தினமும் காலை ஆறு மணிக்கு ஓடுங்கள்' என்பது அலுவலக வாழ்வுக்குப் பொருந்தும். ஏரித்தொழில் ஏற்றவற்றத்தையும் நிலவையும் பார்த்து நடப்பது. கடிகாரத்துக்கு அங்கு இரண்டாம் இடம்தான். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று ஒரு நிகழ்வோடு செயலைப் பிணைத்துக்கொள்பவர்கள் சொன்னதைச் செய்ய வாய்ப்பு அதிகம் என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் முடிவு. படகைக் கட்டி, மீனை ஏலத்தில் விட்டு, வலையை உலர்த்திய பின் என்று ஒருவர் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின் என்று மற்றொருவர் வைத்துக்கொள்ளலாம். நேரம் மாறினாலும் வரிசை மாறாது.

தொடங்கும் முறையும் எளிதாக இருத்தல் வேண்டும். ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-இல் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. வாரம் மூன்று நாள். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விரைந்து நடந்தபின் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என்று மாறிமாறி 20 நிமிடம். ஒன்பதாவது வாரத்தில் 30 நிமிடம் தொடர்ந்து ஓட முடியும். ஓடும்போது பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். தளர்ந்த மணலில் ஓடுவது கெண்டைக்காலையும் கணுக்காலையும் வருத்தும்; ஈரமான இறுகிய மணலோ வாகனம் குறைந்த சாலையோ நல்லது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

இவையெல்லாம் தனிமனிதர் செய்யக்கூடியவை. அரசின் பங்கு என்ன? தமிழக அரசு 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. அப்போதைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியவர் என்பதால் திட்டத்துக்கு நல்ல கவனமும் கிடைத்தது. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது ஓர் அடையாளமாக இருக்கலாம். பழக்கத்தை வளர்க்க அது போதாது. வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் அடைய முடியாத இடத்தில் வாரம் மூன்று நாள் எவரும் ஓடுவதில்லை. மாவட்டத்தின் கிழக்கு ஓரத்து ஏரிக்கரையில் வாழ்பவருக்குத் தொலைவிலுள்ள 8 கிலோமீட்டர் பாதையைவிட, ஊருக்குள்ளேயே விளக்கு எரியும் ஒரு கிலோமீட்டர் பாதை பன்மடங்கு பயனுள்ளது.

பாட்டுமுறையின் குறையும் இங்கே நமக்குப் பாடமாகிறது. அந்த முறைக்குள் இடம்பெற்ற குடும்பத் தலைக்கட்டுகளுக்கு அது நீதி வழங்கியது. அதற்கு வெளியே நின்றவர்களும் உண்டு. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அந்தச் சுழற்சியில் முறை இல்லை. நம் பொதுவெளிகளின் நிலையும் இதுவே. பூங்காவும் நடைபாதையும் எல்லோருக்கும் திறந்திருப்பதாகச் சொல்கிறோம்; இருட்டு, கழிப்பறையின்மை, கேலிப்பேச்சு, வீட்டுவேலை ஆகிய நான்கும் பெண்களை வெளியே நிறுத்திவிடுகின்றன. உடலியக்கக் குறைவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள 15 சதவீதப் புள்ளி இடைவெளியில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

செய்ய வேண்டியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. அரசுப் பள்ளி மைதானங்களைப் பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் ஊராருக்குத் திறந்துவிடலாம். விளக்கும் கழிப்பறையும் உறுதிசெய்யப்பட வேண்டும். பெண்களுக்கென்று தனி வேளை ஒதுக்கலாம். வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களில் பழக்கம் அறுந்துபோகாமலிருக்க, புயல் பாதுகாப்பு மையங்கள் உள்ள ஊர்களில் அவற்றின் கூடங்களைப் பயிற்சிக்குத் தரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் ஏற்கெனவே வீடுவீடாகச் சென்று நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வழங்குகிறார்கள். யார் வீட்டில் யாருக்கு நோய் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். பத்துப் பேரைச் சேர்த்து, மூன்று நாள்களைக் குறித்து, வராதவரை மறுமுறை அழைத்துவரும் பொறுப்பை, உரிய ஊக்கத்தொகையுடன் அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

மாத்திரை வீடு தேடி வருவது நல்ல அரசின் அடையாளம். அந்த மாத்திரை தேவைப்படாத உடலோடு அடுத்த தலைமுறை வளர்வது அதனினும் நல்லது. ஏரியில் எல்லோருக்கும் மீன் கிடைக்க வேண்டும் என்பதற்காக நாளையும் இடத்தையும் வகுத்துக்கொண்ட ஊர்கள் அவை. உடல்நலத்துக்கும் அப்படி ஒரு நாளையும் இடத்தையும் வகுத்துக்கொள்ள அவற்றால் முடியும். அந்த இடத்தைத் தருவது அரசின் கடமை. அங்கே தம் முறை தவறாமல் வந்து நிற்பது நம் ஒவ்வொருவரின் கடமை.