நீலமலை வாக்கு யார் வீட்டுச் சொத்து?

தேர்தல் முரசம் ஒலித்தால் போதும். சமவெளியிலிருந்து மலையேறும் வாக்கு வணிகர் சிலர் பழைய பல்லவியைப் பாடத் தொடங்கிவிடுகின்றனர். "நீலகிரியிலே கொள்கை எடுபடாது. தோட்டத்திலே கங்காணியைப் பிடி, ஹட்டியிலே பெரியவரைப் பிடி, வாக்கு தானே வந்து குவியும்" என்பதே அப்பல்லவி. மலைமக்கள் மந்தை என்பதல்லவா இதன் பொருள்? எத்துணை ஆணவம்! எத்துணை அறியாமை!

ஏட்டைப் புரட்டுவோம். 1962-ல் நீலகிரி நாடாளுமன்றத் தொகுதி காங்கிரசின் அக்கம்மா தேவியை, படுகர் குலத்துப் பெண்மணியை, டில்லிக்கு அனுப்பிற்று. ஐந்தே ஆண்டுகளில், 1967-ல், சுதந்திராக் கட்சியின் நஞ்சா கவுடர் வென்றார். 1971-ல் தி.மு.க.வின் மாதா கவுடர், 1977-ல் அ.தி.மு.க.வின் இராமலிங்கம், 1980 முதல் 1991 வரை நான்கு தேர்தல்களில் காங்கிரசின் பிரபு, 1996-ல் தமிழ் மாநிலக் காங்கிரசு, 1998-லும் 1999-லும் பாரதிய ஜனதாவின் மாஸ்டர் மாதன், 2004-ல் மீண்டும் பிரபு, 2009-ல் ஆ. இராசா, 2014-ல் அ.தி.மு.க.வின் கோபாலகிருஷ்ணன், 2019-லும் 2024-லும் மறுபடியும் இராசா. மந்தைக்கு இத்தனை பாதைகள் தெரியுமோ?

"அத்தனையும் கூட்டணிக் காற்று" என்பர். காற்று வீசியது உண்மைதான். 1998-ல் அ.தி.மு.க.வின் தோள்மீதும், 1999-ல் தி.மு.க.வின் தோள்மீதும் ஏறி நின்றே பாரதிய ஜனதா அங்கே வென்றது. ஆனால் 2014-ஐ நினைவுகூருங்கள். அக்கட்சி வேட்பாளரின் மனு தள்ளுபடியாயிற்று. அத்தேர்தலில் நீலகிரித் தொகுதியில் 'நோட்டா'வுக்கு விழுந்த வாக்குகள் 46,559! நாட்டின் 543 தொகுதிகளிலும் அதுவே மிகுதி. தமக்கு உகந்த வேட்பாளர் களத்தில் இல்லாதோரும் அவர்களுள் இருந்திருக்கலாம். இருக்கட்டும்! வீட்டிலே முடங்கிவிடாமல் சாவடிக்கு வந்து, வரிசையில் நின்று, "ஒருவரும் வேண்டாம்" என்று பதித்துச் சென்றனரே, அவர்களுக்கு எந்தக் கங்காணி ஆணையிட்டான்?

வாக்கின் அருமையை மலைத்தோட்டத் தொழிலாளிக்குப் பாடம் சொல்ல வருவோர் இன்னொன்றையும் அறியட்டும். அங்கே கொழுந்து பறிப்போரில் பல்லாயிரவர், இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள். 1947-ல் இலங்கையின் தோட்டத் தமிழர் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு பல தொகுதிகளிலே இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தனர். ஆள்வோர் அஞ்சினர். 1948-ல் ஒரு சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1949-ல் மற்றொரு சட்டம் வாக்குரிமையைப் பறித்தது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களை யார் கேட்டார்கள்? அப்படி வந்தவர்களுக்கு வாழ்வளிக்கவே 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976-ல் 'டான்டீ' கழகமாயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிலே அவர்கள் காடு திருத்தித் தேயிலை நட்டனர். வாக்கை இழந்து, கடல் கடந்து வந்து, மீண்டும் பெற்றவனையா விலைபோகிறவன் என்பது?

இப்போது கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம். இத்தனை கட்சிகளுக்கும் மாறி மாறி வாக்களித்த மலைக்குக் கிடைத்தது என்ன? கூடலூரிலே நிலம்பூர்க் கோவிலகத்தின் சென்மி நிலங்களை ஒழிக்க 1969-ல் சட்டம் பிறந்தது. சட்டத்தின் பதினேழாம் பிரிவிலே சிக்கிய நிலம் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அவிழாத முடிச்சாயிற்று. அங்கே குடியேறியவனுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாமையால் மின்விளக்குக்கும் மன்றாட வேண்டியதாயிற்று. லைன் வீட்டுத் தொழிலாளிக்கோ வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. வாழ்நாளெல்லாம் பறித்த கொழுந்து ஏலத்துக்குப் போயிற்று. பறித்த கைக்கு ஒரு பிடி மண் இல்லை. ஹட்டியின் சிறு விவசாயி பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டுத் தெருவிலே அமர்ந்தான்.

ஏன் இந்த நிலை? 2008-ன் தொகுதி மறுவரையறையிலே விடை இருக்கிறது. உதகை, குன்னூர், கூடலூர் மூன்றும் மலையிலே. மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் மூன்றும் கீழே. தொகுதிக்குப் பெயர் கொடுத்தது மலை. வாக்கு எண்ணிக்கையிலே கனம் சமவெளிக்கு. கீழே வென்றால் போதும், மேலே கும்பிட்டால் போதும் என்ற கணக்கு இங்கேதான் முளைக்கிறது. மலைமக்களை மந்தை என்பவன் பேச்சின் உட்பொருள் இதுதான்: மந்தைக்குப் பட்டா எதற்கு?

தோழர்களே! வாக்கு யார் வீட்டுச் சொத்தும் அன்று. அது மக்கள் நமக்குத் தரும் கடன். கடன் வாங்கியவன் கட்சியின் கொடி எந்த நிறமாயினும், வட்டியும் முதலுமாகத் தீர்த்தாக வேண்டும். ஆகவே லைன்களுக்கும் ஹட்டிகளுக்கும் செல்லுங்கள். தேர்தலுக்கு முந்திய வாரத்தில் அன்று, தேர்தல் இல்லாத ஆண்டிலே செல்லுங்கள். துண்டறிக்கையை வைத்துவிட்டுப் பட்டா மனுக்களை எடுத்துச் செல்லுங்கள். வீடுவீடாக எழுதி வாங்கி, வட்டாட்சியர் அலுவலகப் படிகளிலே அம்மக்களோடு நில்லுங்கள். பட்டா கையிலே விழும் நாள்வரை அப்படிகளை விட்டு இறங்காதீர்கள்!